சீதபேதிக்குத் தடுப்பூசி எங்கே கிடைக்கும், டாக்டர்?

கேள்வி

கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்திலிருந்து ஓர் இளம் தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு இரண்டே முக்கால் வயது. மகளுக்கு ஏழு மாதம். மகனை ஜூன் மாதம் பிளே ஸ்கூலில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை சீதபேதி. முதல் தடவை நல்ல காய்ச்சல்; ஒரு நாளில் பதினைந்து தடவை முக்கி முக்கி உட்கார்ந்தான்; வந்ததெல்லாம் ஒரு ஸ்பூன் அளவு சளியும் ரத்தமும். "உடம்புச் சூடு" என்று மாமியார் வெந்தயமும் மோரும் கொடுத்திருக்கிறார். தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று தண்ணீரையும் குறைத்திருக்கிறார். மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு சிரப் வாங்கினார்கள். பக்கத்து லேபில் மலம் பார்த்ததில் "அமீபா சிஸ்ட்" என்று வந்தது. ஒரு வாரம் இழுத்துச் சரியானது. ஐந்து வாரம் கழித்து மறுபடியும் ரத்தம். இந்தத் தடவை நேரே குழந்தை மருத்துவரிடம் போனார்கள். அவர் வேறு மருந்து கொடுத்தார், இரண்டு நாளில் தெளிந்துவிட்டான்.

"வீட்டில் கேன் தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைக்கிறோம். பேதிக்கான சொட்டு மருந்தும் டைபாய்டு ஊசியும் போட்டாயிற்று. பிறகும் எப்படி வருகிறது? கேரளாவில் ஷிகெல்லா என்ற கிருமியால் குழந்தை இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. இதற்கென்று தடுப்பூசி இருந்தால் எவ்வளவு செலவானாலும் போட்டுவிடுகிறோம், எங்கே கிடைக்கும்? தோழி ஒருத்தி காலரா மருந்து கொடுக்கச் சொல்கிறாள். பிளே ஸ்கூலில் குழந்தைகளுக்குக் கால் கழுவிவிடும் ஆயா மீதுதான் எனக்குச் சந்தேகம். அவரை மலப் பரிசோதனை செய்யச் சொல்லலாமா, மாற்றச் சொல்லலாமா? மகனை நிறுத்திவிடலாமா? சின்னவளுக்கு ஒட்டாமல் இருக்க, மீதமிருக்கும் சிரப்பை முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கலாமா?"

பதில்

அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாது. அந்த சிரப்பைச் சின்னவளுக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது தடுப்பூசி. சீதபேதிக்கு இந்தியாவில் எந்த மருத்துவமனையிலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும் தடுப்பூசி கிடைக்காது. இருப்பதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேலாக முயற்சி செய்தும் இன்னும் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் போட்ட சொட்டு மருந்து ரோட்டா வைரஸுக்கானது. 2016இல் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் நுழைந்து, மறு வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கை, அதுவும் கைக்குழந்தைகளுக்கு வருவதை, அது நன்றாகவே தடுக்கிறது. டைபாய்டு ஊசி டைபாய்டை மட்டும் தடுக்கும். காலரா மருந்து காலராவுக்கு. மூன்றும் மூன்று வீட்டுச் சாவிகள். உங்கள் பையனுக்கு வந்தது நான்காவது வீடு. ஆகவே அந்த மருந்துகள் வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். காலரா மருந்துக்குச் செலவும் செய்ய வேண்டாம்.

அமீபாவா, ஷிகெல்லாவா?

சளியும் ரத்தமும் போனாலே "அமீபா" என்று சொல்வது நம் ஊரில் பழகிப்போன பேச்சு. முக்கியமாக இரண்டு வகைக் கிருமிகளால் சீதபேதி வருகிறது. ஒன்று அமீபா, மற்றொன்று ஷிகெல்லா என்ற பாக்டீரியா. சின்னக் குழந்தைக்குக் காய்ச்சலோடு திடீரென்று ரத்தமும் சளியும் போனால், நாங்கள் முதலில் ஷிகெல்லாவைத்தான் நினைப்போம். அமீபா பெரும்பாலும் மெதுவாக ஆரம்பிக்கும்; காய்ச்சல் அதிகம் இருக்காது.

அப்படியானால் லேப் ரிப்போர்ட்? மலத்தில் அமீபாவின் சிஸ்ட், அதாவது அதன் முட்டை மாதிரியான உறைநிலை, தெரிந்தால் மட்டும் அது நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் 'டிஸ்பார்' என்ற இன்னொரு அமீபாவின் சிஸ்டும் மைக்ராஸ்கோப்பில் அச்சு அசலாக அப்படியேதான் தெரியும். உயிருள்ள அமீபா ரத்த அணுவை விழுங்கியபடி தெரிந்தால்தான் அது சாட்சி. இந்தக் குழப்பத்துக்கு ஒரு நாடே விலை கொடுத்திருக்கிறது. 1969இல் குவாத்தமாலாவில் ரத்தபேதி பரவியபோது, மலத்தில் அமீபா தெரிந்ததை வைத்து முதலில் அமீபாவுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது ஷிகெல்லாவிலேயே கொடிய வகை. மத்திய அமெரிக்க நாடுகளில் அந்த அலை ஓய்வதற்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர்.

கேரளச் செய்தி உங்களைப் பயமுறுத்தியதில் ஆச்சரியம் இல்லை. 2020 டிசம்பரில் கோழிக்கோட்டில் பதினொரு வயதுச் சிறுவன் இறந்தான். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செருவத்தூரில் கடையில் ஷவர்மா சாப்பிட்ட பதினாறு வயதுப் பெண் இறந்தாள். இரண்டிலும் ஷிகெல்லாதான். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஷிகெல்லா வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர், நேரத்துக்குச் சரியான மருந்து கிடைத்தால், உங்கள் பையனைப் போல இரண்டு மூன்று நாளில் எழுந்து ஓடுகிறார்கள்.

நூறு வருடமாக ஏன் வரவில்லை?

இந்தக் கிருமிக்குப் பெயர் தந்தவர் கியோஷி ஷிகா என்ற ஜப்பானிய மருத்துவர். 1897இல் ஜப்பானில் ஆறே மாதத்தில் 90,000 பேருக்கு மேல் சீதபேதி வந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். அந்த நோயாளிகளில் 36 பேரை ஆராய்ந்து, மலத்திலிருந்து ஷிகா இந்த பாக்டீரியாவைப் பிரித்தார். உடனே, கிருமியைச் சூடாக்கிக் கொன்று ஊசி மருந்து தயாரித்து, முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். போட்ட இடம் வீங்கிச் சீழ் வைத்து, கீறி எடுக்கவேண்டியதாயிற்று. சீதபேதித் தடுப்பூசியின் வரலாறு இப்படி ஒரு சீழ்க்கட்டியில்தான் ஆரம்பிக்கிறது. செத்த பிறகும் இந்தக் கிருமியின் மேலுறை உடம்பைச் சீண்டும். அந்தச் சீண்டலைக் குறைத்து, ஆனால் உடம்புக்கு அடையாளம் மட்டும் காட்டிக்கொடுப்பது எப்படி என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை உள்ள தலைவலி.

அது ஒன்றுதான் சிக்கல் என்றும் இல்லை. ஷிகெல்லாவில் நான்கு இனங்கள், அவற்றுக்குள் சுமார் ஐம்பது வகைகள். ஒரு வகை வந்து போனால் அதற்கு மட்டும் எதிர்ப்பு வரும். அடுத்த வகை தாராளமாக உள்ளே நுழையும். ஐந்து வாரத்தில் ஏன் மறுபடியும் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். முதல் தடவை அரைகுறையாக அடங்கியது திரும்பி வந்திருக்கலாம், இல்லை வேறு வகை புதிதாக ஒட்டியிருக்கலாம். எது என்பதை மலக் கல்ச்சர், அதாவது மலத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். அப்புறம் பரிசோதனைச் சிக்கல். ஆய்வுக்கூட எலிக்கு மனிதனுக்கு வருவது மாதிரி சீதபேதி வராது. ஆகவே புது ஊசி பலிக்கிறதா என்று பார்க்க, சம்மதித்து வரும் பெரியவர்களுக்கு ஊசியைப் போட்டு, பிறகு உயிருள்ள கிருமியையே குடிக்கக் கொடுத்து, மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறார்கள். இப்படியும் சிலர் முன்வருகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் வியப்புதான்.

இதற்கு நடுவில் நம்பிக்கை தந்த முடிவுகளும் உண்டு. இஸ்ரேல் ராணுவ வீரர்களுக்கு 'சொன்னெய்' என்ற ஒரே ஒரு இனத்துக்கு எதிராகப் போட்ட ஊசி 74 சதவீதம் பாதுகாத்தது. 1997இல் அந்த முடிவு வெளியானது. பிறகு அதே மாதிரி ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 71 சதவீதம் பலன். அதைவிடச் சின்னக் குழந்தைகளுக்குப் பலன் தெரியவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அந்த வயதில்தான் கைவிட்டது. இதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களைத் தூங்கவிடாத இடம்.

இப்போது நான்கு வகைகளைச் சேர்த்துத் தயாரித்த ஊசிகள் மனிதப் பரிசோதனையில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றில் உருவான ஊசிக்கு 2024 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'விரைவுப் பாதை' அந்தஸ்து கொடுத்தது. கிளாக்சோ நிறுவனம் ஐரோப்பாவிலும் கென்யாவிலும் சோதித்துவந்த இன்னொரு ஊசியை, 2025 ஜூனில் ஹைதராபாத் பாரத் பயோடெக் மேற்கொண்டு வளர்க்க எடுத்துக்கொண்டது. ரோட்டாவாக் சொட்டு மருந்தைத் தயாரித்த அதே நிறுவனம். கொல்கத்தாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்தில் பல வகை ஷிகெல்லாவைச் சூட்டில் கொன்று தயாரித்த ஒன்று விலங்குகளில் நல்ல பலன் காட்டியது. நல்ல செய்திகள்தான். ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து ஊசி மருந்து உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்ப்பெட்டிக்கு வந்து சேர்வதற்குள், உங்கள் மகன் இந்த ஆபத்தான வயதைத் தாண்டி ஸ்கூல் பேக் தூக்கிக்கொண்டிருப்பான். அதனால் ஊசிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பங்கை சோப்புக்கு ஒதுக்குங்கள். கேலி இல்லை, கீழே படியுங்கள்.

தண்ணீரைக் காத்தீர்கள், கையைப் பார்த்தீர்களா?

காலரா வர வேண்டுமானால் லட்சக்கணக்கான கிருமிகள் வயிற்றுக்குள் போக வேண்டும். அதனால் அது பெரும்பாலும் கெட்டுப்போன தண்ணீரில், கெட்டுப்போன சாப்பாட்டில் வரும். ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமிகள் போதும். கண்ணுக்குத் தெரியாத ஈரம், நகக்கண்ணில் ஒட்டிய ஒரு துளி, அவ்வளவு போதும். கையிலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு நேராக வந்துவிடும். ஆர்.ஓ. மெஷினைத் தொடாமலே, கேனைத் திறக்காமலே அது உங்கள் வீட்டுக்குள் நடமாடும். நீங்கள் வாசற்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

நம் வீடுகளில் குழந்தைக்குக் கால் கழுவிவிடும் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வலது கையில் மக். இடது கையால் கழுவுகிறோம். பிறகு மக்கை இடது கைக்கு மாற்றி வலது கையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். அப்போதே மக்கின் கைப்பிடி கெட்டாயிற்று. இரண்டு கையையும் தண்ணீரில் அலசிவிட்டு, அதே கையால் குழாயைத் திருகி மூடி, புடவைத் தலைப்பிலோ நைட்டியிலோ துடைத்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடுகிறோம். "பிஞ்சுக் குழந்தையின் மலம்தானே" என்ற எண்ணம் வேறு. சீதபேதியைப் பொறுத்தவரை பிஞ்சு மலம் பெரியவர்களுடையதைவிட எந்த வகையிலும் சாது அல்ல.

வெறும் தண்ணீர் போதாதா என்று உங்கள் அத்தை கேட்பார். அவருக்கு முன்னால் ஒன்று செய்து காட்டுங்கள். இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவி, மஞ்சள்தூளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். உள்ளங்கை ஓரளவு வெளுக்கும். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் கட்டைவிரல் மடிப்பிலும் மஞ்சள் அப்படியே நிற்கும். அந்த இடங்களில்தான் கிருமியும் நிற்கும். பிறகு சோப்புப் போட்டு, கையின் பின்புறம், இடுக்கு, நகம் எல்லாம் இருபது விநாடி தேய்த்துப் பாருங்கள். நான் கிளினிக்கில் ஒரு பாட்டிக்கு இதைச் செய்துகாட்டியபோது, "இந்தக் கையாலதான் டாக்டர் நாப்பது வருஷமா சோறு ஊட்டுறேன்" என்று சொல்லிவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது வெறும் புத்திமதி இல்லை, அளந்து பார்த்த விஷயம். டாக்காவில் ஷிகெல்லா வந்த வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. 1982இல் அதன் முடிவு வெளியானது. சில குடும்பங்களுக்கு சோப்பும் தண்ணீர் வைக்கப் பாத்திரமும் கொடுத்தார்கள். சில குடும்பங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றும் கொடுக்காத வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்றியது 32 சதவீதம். கொடுத்த வீடுகளில் சுமார் 10. வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போதே இவ்வளவு குறைந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டுக் கணக்கிலும், சோப்பால் கை கழுவினால் ஷிகெல்லா ஆபத்து பாதிக்கு மேல் குறையும் என்றே வந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

சோப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. குளியலறை அலமாரியில் டப்பாவுக்குள் இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டுக் குழாயிலேயே தொங்கவிடுங்கள். கிருமிநாசினி சோப்பு தேவையில்லை. ஐந்து பத்து ரூபாய் சோப்பு போதும். சானிடைசரை நம்பி இதை விடாதீர்கள், அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது.

குழந்தைக்குக் கால் கழுவ ஒரு மக் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கையோடு அந்த மக்கின் பிடியையும் குழாய்த் திருகையும் சோப்பால் தேய்த்துவிடுங்கள். முடிந்தால் வேறொருவர் தண்ணீர் ஊற்றட்டும். சின்னவளின் துணியைக் குடிதண்ணீர் பிடிக்கும் குழாயடியில் அலசாதீர்கள். கழிவைக் கழிப்பறையில் கொட்டிய பிறகே துணியை ஊறவையுங்கள். மகனுக்கு வாரம் ஒருமுறை நகம் வெட்டுங்கள், சாப்பிட உட்காரும் முன் அவன் கையையும் கழுவிவிடுங்கள். அவன்தான் தங்கச்சி வாயில் விரலை வைத்து விளையாடுகிறவன்.

தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் ஷிகெல்லாவும் சாகும், அமீபா சிஸ்டும் சாகும். ஆனால் கொதிக்க வைத்த தண்ணீரை அகல வாய்ப் பாத்திரத்தில் வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் டம்ளரோடு விரலையும் முக்கினால், கொதிக்க வைத்த கேஸ் வீண். குழாய் வைத்த பாத்திரம் அல்லது குறுகிய வாய்க் குடம் வாங்குங்கள்.

ஈயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இஸ்ரேல் ராணுவ முகாம்களில் ஈப் பொறி வைத்து ஈயைக் குறைத்ததும், ஷிகெல்லாவுக்காக மருத்துவரிடம் வந்தவர்கள் 85 சதவீதம் குறைந்தார்கள். சாப்பாட்டை மூடி வையுங்கள். மழைக்காலத்தில் வெளியில் பானிபூரியும் வெட்டி வைத்த பழமும் வேண்டாம்.

ஆயாவை என்ன செய்வது?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்க முடியவில்லை. ஒரே ஆயா இருபது குழந்தைகளுக்குக் கால் கழுவிவிட்டு, அடுத்த நிமிடம் டிபன் டப்பாவைத் திறந்து ஊட்டிவிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரை மாற்றினால் நாளை வருகிற ஆயாவுக்கும் அதே மக், அதே சோப்பில்லாத குழாய்தான். மலப் பரிசோதனையும் இன்றைக்குச் சுத்தம் என்று சொல்லலாம். நாளை மறுநாள் ஒரு குழந்தையிடமிருந்து அவருக்கே ஒட்டலாம். உண்மையில் அந்தப் பள்ளியில் அதிக ஆபத்தில் இருப்பவர் அவர்தான்.

நீங்கள் பணம் கட்டும் பெற்றோர். சுத்தமான இடத்தைக் கேட்பது உங்கள் உரிமை. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து நிர்வாகியிடம் போங்கள். குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் குழாயும் சோப்பும் கேளுங்கள். சோப்பு திருடு போகிறது, கரைந்து போகிறது என்பார்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, துணி துவைக்கும் பவுடர் கொஞ்சம் கரைத்த தண்ணீரை ஊற்றி வைக்கலாம். வங்கதேசத்தில் இது நன்றாகப் பழகிப்போன வழி, செலவும் பைசாக் கணக்கு. கால் கழுவிவிடுபவர் ஒருவர், ஊட்டுபவர் வேறொருவர் என்று பிரிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள், இதைக் கேட்க மறந்துவிடுவார்கள்: ஆயாவுக்கு வயிறு சரியில்லை என்றால் சம்பளத்தோடு லீவு. சம்பளம் பிடித்தால் அவர் சொல்லாமல் வருவார், வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலையும் செய்வார்.

இதெல்லாம் சொல்லியும் ஒரு மாதத்தில் சோப்புகூட வரவில்லை என்றால் மகனை நிறுத்துங்கள், வேறு இடம் பாருங்கள். ஒழுங்கு செய்தால் நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. பேதி நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அவனை அனுப்பாதீர்கள். இரண்டாம் தடவை மறுநாளே அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். மருந்து சாப்பிடாத குழந்தையின் மலத்தில் பேதி நின்ற பிறகும் சில வாரம் கிருமி போய்க்கொண்டிருக்கும் என்பதால், அனுப்ப ஆரம்பித்த பிறகும் கை கழுவுவதில் கண்டிப்பாக இருங்கள்.

மறுபடியும் ரத்தம் தெரிந்தால்

மலத்தில் ரத்தம் என்றால் மெடிக்கல் ஷாப் வேண்டாம், அன்றைக்கே மருத்துவர். கடையில் கொடுத்தது ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த சிரப். பாக்டீரியாவுக்கு ஒன்று, அமீபாவுக்கு ஒன்று. எதுவாக இருந்தாலும் அடிபடட்டும் என்ற கணக்கு. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. சிக்கல் என்னவென்றால், ஆஃப்லாக்சசின் இனத்து மருந்துகளுக்கு ஷிகெல்லா இப்போது பெரிய அளவில் அசைவதில்லை. புது மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட பட்டியலில் இந்த எதிர்ப்புள்ள ஷிகெல்லாவும் இருக்கிறது. நோயே இல்லாத ஏழு மாதக் குழந்தைக்கு அதைக் கொடுத்தால், அவள் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் போகும், மருந்துக்கு மசியாத கிருமிகளுக்கு இடம் காலியாகும். அதனால்தான் பாட்டிலைத் தூக்கிப் போடச் சொன்னேன். மருத்துவர் கொடுக்கும் மருந்திலும் இரண்டு நாளில் காய்ச்சலும் ரத்தமும் குறையவில்லை என்றால் திரும்பப் போங்கள்; கல்ச்சர் செய்யலாமா என்று கேளுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை எதுவும் வேண்டாம். வெளியே போக வேண்டிய கிருமியை அது உள்ளே கட்டிப்போட்டுவிடும்.

தண்ணீரைக் குறைத்தது தவறு. அத்தையிடம் சண்டைக்குப் போகாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பேதியில் போவது உடம்பில் இருக்கும் தண்ணீர், நாம் கொடுப்பது அதற்கு ஈடு. அவர் கொடுத்த மோர் நல்லதுதான், உப்புப் போட்டுத் தொடரட்டும். அதோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பொட்டலத்தின் மேல் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் கரையுங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஒவ்வொரு தடவை போன பிறகும் மகனுக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை, கொஞ்சம் கொஞ்சமாக. டெட்ரா பாக்கெட்டில் வந்த இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் பலர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எதுவும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. துத்தநாகம், அதாவது ஜிங்க், ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள். பேதி நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இட்லி, குழைந்த சாதம், வாழைப்பழம் எல்லாம் வழக்கம்போல. பட்டினி போடாதீர்கள்.

வலிப்பு வந்தால், கூப்பிட்டால் கண்ணைத் திறக்காமல் துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், குடித்ததெல்லாம் வாந்தியானால், முகம் வெளுத்து வீங்கினால், கிளினிக் நேரம் பார்க்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். கொடிய வகை ஷிகெல்லா சில குழந்தைகளின் சிறுநீரகத்தைத் தாக்கும்.

சின்னவளுக்குத் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், மிகவும் நல்லது. இரண்டு வயது வரை தொடருங்கள். அவளுக்குக் கூழ் கரைக்கும் முன் சோப்பு, மிச்சத்தை மூடி வைத்து மாலையில் கொடுக்கும் வேலை வேண்டாம்.

ஊசி கேட்டீர்கள் இல்லையா? ஒன்று இருக்கிறது, பெயர்தான் வேறு. தட்டம்மை வந்து எழுந்த குழந்தைக்குச் சீதபேதி வந்தால் அது சாதாரணக் குழந்தைக்கு வருவதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஒன்பது மாதம் முடிந்ததும் சின்னவளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி, அரசு மருத்துவமனையில் இலவசம். மகனுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய இரண்டாம் தவணை போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய நகலில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.